90 நிமிடமா, 50 மணி நேரமா? விஷுவல் நாவல் கேம்களில் கதையின் நீளம் ஏன் இவ்வளவு பெரிய விவகாரம்?

திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறினால் கடற்கரை நிலையம் போய்ச் சேர சுமார் 40 நிமிடம். இந்திரா நகர், கஸ்தூரிபா நகர் தாண்டுவதற்குள் பெட்டியில் பாதிப் பேர் தலை குனிந்து போனுக்குள் போய்விடுகிறார்கள். ரீல்ஸ், கிரிக்கெட் ஸ்கோர், வெப் சீரிஸ் என்று ஆளுக்கு ஒன்று. அதில் ஒரு சிறு கூட்டம் 'விஷுவல் நாவல்' என்ற வகை கேமை விளையாடுகிறது. விளையாடுகிறது என்பதைவிடப் படிக்கிறது என்பதே சரி.

அந்தக் கூட்டத்துக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. கதை எவ்வளவு நீளம் இருக்கலாம்? "ஜவ்வு மாதிரி இழுக்குறாங்கப்பா" என்று ஒரு தரப்பு. "இப்பத்தான் ஆரம்பிச்சுது, அதுக்குள்ள முடிஞ்சிருச்சே, இதுக்கா இவ்வளவு காசு?" என்று இன்னொரு தரப்பு. கேட்க ரசனைச் சண்டை போலத் தெரியும். ஆனால் இதில் ஒரு சின்ன டீமின் வருமானமும், வாங்குபவரின் நேரமும், நாளை தமிழில் இப்படி எழுத நினைப்பவரின் உழைப்பும் சேர்ந்தே மாட்டிக்கொண்டிருக்கின்றன.

விஷுவல் நாவல் என்றால் என்ன?

பின்னணியில் ஒரு ஓவியம். அதன் முன்னே ஒன்றிரண்டு கதாபாத்திரங்கள். திரையின் கீழ்ப்பகுதியில் ஒரு பெட்டி, அதில் இரண்டு மூன்று வரி வசனம். தட்டினால் அடுத்த வரி. சில இடங்களில் 'என்ன பதில் சொல்வீர்கள்?' என்று கேட்கும். தேர்வைப் பொறுத்துக் கதை கிளை பிரியும். அவ்வளவுதான். சுட வேண்டியதில்லை, குதிக்க வேண்டியதில்லை.

இது ஜப்பானில் வளர்ந்த வடிவம். 1992-ல் சுன்சாஃப்ட் நிறுவனம் தன் கதை கேமை 'சவுண்ட் நாவல்' என்று அழைத்தது. 1996-ல் லீஃப் என்ற நிறுவனம் தன் வரிசைக்கு 'விஷுவல் நாவல்' என்று பெயர் வைக்க, அந்தப் பெயர் மொத்த வகைக்கும் ஒட்டிக்கொண்டது.

இந்த வகைக்கென்றே 2007 முதல் இயங்கும் விஎன்டிபி என்ற தகவல் தளம், கதைகளை நீளத்தை வைத்து ஐந்தாகப் பிரிக்கிறது. 2 மணி நேரத்துக்குள் முடிந்தால் மிகச் சிறியது. 2 முதல் 10 வரை சிறியது. 10 முதல் 30 நடுத்தரம். 30 முதல் 50 நீளம். 50-க்கு மேல் போனால் மிக நீளம். ஒரே வகைக்குள் இத்தனை பெரிய இடைவெளி சினிமாவில் கிடையாது. சிறுகதையும் மகாபாரதமும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி அட்டையோடு இருப்பது போல.

ரயில் கணக்குக்கே வருவோம். போக 40, வர 40, ஒரு நாளைக்கு 80 நிமிடம். 50 மணி நேரக் கதையை ரயிலில் மட்டும் படித்து முடிக்க 38 வேலை நாட்கள் ஆகும். வாரம் ஐந்து நாள் ஆபீஸ் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மாதம். அதுவும் தினமும் உட்கார சீட் கிடைத்தால்!

'வெண்பா' கிளப்பிய கேள்வி

இந்த விவாதத்தின் நடுவில் ஒரு தமிழ்ப் பெயர் இருக்கிறது. கனடாவின் டொரண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலை 31-ல் வெளியிட்ட 'வெண்பா'. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன ஒரு குடும்பம்: அம்மா வெண்பா, அப்பா பாவலன், அங்கேயே பிறந்து வளரும் மகன் கவின். பாட்டியிடமிருந்து வந்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்க, விட்டுப்போன வரிகளை ஊகித்துச் சமைப்பதுதான் விளையாட்டு. முதல் அத்தியாயமே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லாத் தட்டுக்கும் ஆவி போய்ச் சேரும் என்பது புதிர். நம் வீட்டுச் சமையலறையில் யாரும் புதிர் என்று நினைக்காத விஷயம்.

கறாராகச் சொன்னால் இது சமையல் புதிர் கலந்த கதை கேம். இருந்தாலும் வசனப் பெட்டி, தேர்வுகள், அத்தியாயம் என்று எலும்புக்கூடு விஷுவல் நாவலுடையதுதான். மொத்தமும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏறத்தாழ ஒரு தலைமுறை கடந்துபோகிறது. ஒரு அத்தியாயத்தில் வயிற்றில் இருக்கும் பிள்ளை, சிறிது நேரத்தில் பள்ளி போகிறான். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறான். நடுவில் போன வருடங்களை கேம் காட்டுவதில்லை. 'என்னது, அதுக்குள்ள இவ்வளவு பெரிசாயிட்டானா?' என்று விளையாடுபவர் திடுக்கிடுகிறார். வெளிநாட்டில் பிள்ளை வளர்த்த பெற்றோருக்கும் அதே திடுக்கிடல்தான். அந்த இடைவெளிகளை நிரப்பி எட்டு மணி நேரக் கதையாக்கியிருந்தால் இந்த உணர்வு வந்திருக்காது. கதை வேகமாக ஓடுவதே இங்கே கதை.

(ஒரு இடைச்செருகல்: தமிழ் யாப்பில் கட்டுப்பாடு மிகுந்த பா வகை வெண்பா. அதன் கடைசி அடி மூன்றே சீரில் சட்டென்று நின்றுவிடும். கேமின் நாயகிக்கு அந்தப் பெயர் அமைந்தது தற்செயலாகவே இருக்கலாம். பொருத்தம் என்னவோ கச்சிதம்.)

விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினார்கள். 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது கிடைத்தது. அதே ஆண்டு சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மைப் பரிசும் இதற்கே. ஆனாலும் வாங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு மனக்குறை இருந்துகொண்டே இருந்தது: நல்லாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

அந்தக் குறையை அலட்சியப்படுத்த முடியாது. மாதக் கடைசியில் ஒரு கேமுக்குக் காசு ஒதுக்கும் இளைஞர், அதே காசில் 60 மணி நேரம் ஓடும் இன்னொன்றைப் பார்க்கும்போது மணிக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார்ப்பது இயல்பு. தியேட்டர் டிக்கெட்டுக்கு யாரும் அப்படிக் கணக்குப் போடுவதில்லை என்பதும் உண்மை. இரண்டரை மணி நேரப் படம் பார்த்துவிட்டு 'இன்னும் பத்து மணி நேரம் ஓடியிருந்தா காசுக்குப் பொருத்தமா இருந்திருக்கும்' என்று சொல்பவர் உண்டா? கேமுக்கு மட்டும் இந்தத் தராசு எப்படியோ பழகிவிட்டது.

இரண்டு மணி நேரம் என்ற கோடு

குட்டிக் கதை செய்பவர்களுக்கு இதைவிட நேரடியான சிக்கல் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் மிகப்பெரிய கடையான ஸ்டீமில், வாங்கி 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வாங்குபவருக்கு நல்ல பாதுகாப்பு. 40 மணி நேர கேமுக்கு இது 'டிரையல்' மாதிரி. ஆனால் 90 நிமிடக் கதைக்கு? முழுதும் படித்து, கடைசிக் காட்சியில் கண் கலங்கி, பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்த பிறகும் காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஹோட்டலில் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு பில்லைத் திருப்பித் தருவது போல.

இது வெறும் பயம் இல்லை. 2021-ல் 'சம்மர் ஆஃப் 58' என்ற குறுகிய திகில் கேமை எமிகா கேம்ஸ் என்ற பெயரில் வெளியிட்ட தனி டெவலப்பர், நல்ல விமர்சனங்கள் வந்தும் ரீஃபண்ட் எண்ணிக்கை தாங்க முடியாததால் கேம் உருவாக்குவதையே காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தார். இப்படி ஒரு கோடு இருக்கும்போது, 100 நிமிடக் கதையைக் கையில் வைத்திருப்பவருக்கு அதை 130 நிமிடமாக இழுக்கத் தோன்றாமல் போகுமா? தேவையில்லாத ஒரு உரையாடல், வேண்டாத ஒரு நடைப்பயணம், கதையோடு ஒட்டாத ஒரு புதிர். கதையில் ஜவ்வு சேரும் வழிகளில் இதுவும் ஒன்று.

போனுக்கே பிறந்த குட்டிக் கதை

குறுகிய வடிவத்தின் அருமையைப் பார்க்க 'ஃப்ளாரன்ஸ்' போதும். ஆஸ்திரேலியாவின் மவுண்டன்ஸ் ஸ்டுடியோ 2018 காதலர் தினத்தன்று வெளியிட்ட இந்த மொபைல் கேமில் ஃப்ளாரன்ஸ் என்ற பெண்ணும், கிரிஷ் என்ற செலோ இசைக் கலைஞரும் சந்திக்கிறார்கள். அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணியில் முடிந்துவிடும். 2019-ல் மொபைல் பிரிவில் பாஃப்டா வென்றது.

முதல் சந்திப்பில் ஃப்ளாரன்ஸ் பேசும் ஒவ்வொரு வாக்கியத்தையும் பல துண்டுகளாக உடைத்துத் தருவார்கள். விளையாடுபவர் பொருத்தினால்தான் அவள் பேசுவாள். பழகப் பழகத் துண்டுகள் குறைகின்றன. கடைசியில் ஒரே துண்டு. பேச்சு சரளமாகிவிட்டது என்பதை ஒரு வரி வசனமும் இல்லாமல் விரல் உணர்ந்துவிடுகிறது. நாவலில் இருபது பக்கம் எடுத்துக்கொள்ளும் நெருக்கம் இங்கே இரண்டே நிமிடம்.

நீளமானவை ஏன் அவ்வளவு நீளம்?

அப்படியென்றால் 50 மணி நேரம் ஓடும் கதைகளைச் செய்தவர்களுக்குச் சுருக்கத் தெரியாதா? அப்படிச் சொல்லிவிட முடியாது.

முதல் காரணம் கிளைகள். 2004-ல் வந்த 'ஃபேட்/ஸ்டே நைட்' ஒரே தொடக்கத்திலிருந்து மூன்று பெரிய கதைகளாகப் பிரிகிறது. முதல் கதையை முடித்தால்தான் அடுத்தது திறக்கும். முதல் கதையில் ஒரு மாதிரி தெரிந்த மனிதர், மூன்றாவதில் முற்றிலும் வேறு ஆளாகத் தெரிவார். மூன்றையும் படிக்காமல் எதையும் முழுதாகப் படித்ததாகாது. ஏற்கெனவே படித்த பகுதியை வேகமாகத் தாண்ட ஒரு பட்டன் இருப்பது இந்த வகையின் முக்கியமான வசதிகளில் ஒன்று. அது இல்லையென்றால் பாதிப் பேர் பாதியில் ஓடியிருப்பார்கள்.

இரண்டாவது காரணம் அன்றாடம். அதே 2004-ல் வந்த 'கிளானட்' பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாடு, வெட்டிப் பேச்சு, மொக்கை ஜோக் என்று மணிக்கணக்கில் போகும். எதுவுமே நடக்காது. இதற்குத்தான் பலரிடம் திட்டு வாங்குகிறது. ஆனால் கதையின் பிற்பகுதியில் அந்த மனிதர்களுக்கு ஏதாவது ஆகும்போது பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆனது போல வலிக்கிறது என்றால், அதற்கு முன்பணம் கட்டியவை அந்த மதியங்கள்தான். 2009-ன் 'ஸ்டைன்ஸ்;கேட்' இன்னும் துணிச்சல். முதல் பாதி ஆமை வேகம் என்று அதன் ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். "பல்லைக் கடிச்சுக்கிட்டு பாதி தாண்டிடு" என்பதே புதியவர்களுக்கு அவர்கள் தரும் அறிவுரை.

எல்லா மெதுவும் முன்பணம் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். மெதுவான காட்சியில் ஒரு ஆளைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரிந்தால் அது கதை. மூன்றாவது முறையும் அதே ஜோக், அதே வெட்கம், அதே சிற்றுண்டி என்றால் அது இழுவை. நீளமான விஷுவல் நாவல்களில் பலவற்றில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. 50 மணி நேரத்தில் 15-ஐ வெட்டினால் யாருக்கும் எதுவும் குறையாது என்று தோன்றும் படைப்புகள் ஏராளம்.

காத்திருக்கும் நேரமும் கதைதான்

நீளக் கதையைத் துண்டு போட்டுத் தருவதில் தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்தது. ஐந்து பாகம், 290-க்கு மேற்பட்ட அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் ஒரே அமர்வில் படிக்கக்கூடியது. பல அத்தியாயங்கள் ஒரு கொக்கியோடு முடிபவை. அதே கதை 2022, 2023-ல் இரண்டு படங்களாக வந்தபோது மொத்தம் சுமார் ஐந்தரை மணி நேரம். படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். ஆனால் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று வாரக்கணக்கில் திண்ணையில் உட்கார்ந்து வாதாடிய அனுபவத்தை ஐந்தரை மணி நேரத்தில் தர முடியாது.

ஜப்பானின் 'ஹிகுராஷி' கிட்டத்தட்ட இதே வழியில் வளர்ந்தது. ரியுகிஷி07 என்ற புனைபெயரில் எழுதுபவர் அதை 2002 முதல் 2006 வரை எட்டுப் பகுதிகளாக, டோக்கியோவின் காமிக் மார்க்கெட் சந்தையில் விற்றார். முதல் நான்கும் கேள்விகள், அடுத்த நான்கும் விடைகள். அதில் வாசகர் தேர்வு செய்ய எதுவுமே இல்லை, வெறும் வாசிப்பு. அடுத்த பகுதி வரும்வரை வாசகர்கள் தங்களுக்குள் துப்பறிந்தார்கள். இன்று மொத்தமாக வாங்கி ஒரே மூச்சில் படிப்பவருக்கு நடுப்பகுதி இழுவையாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. இடைவெளி விட்டுப் படிக்க எழுதியதை இடைவெளி இல்லாமல் படிக்கிறார்.

திருவான்மியூரிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாகப் பிரித்தார். 1955-ல் 'சீதா சுயம்வரம்', 1970-ல் 'மகா பட்டாபிஷேகம்'. பதினைந்து வருடம். எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதால் அடுத்து என்ன என்ற பரபரப்பை நம்பி அதை ஓட்ட முடியாது. ஒரு மாலையில் பார்ப்பவர் மனது எவ்வளவு தாங்கும் என்பதே அங்கே அளவு.

போன் செயலிகள் கண்டுபிடித்த வேகத்தடை

ஸ்மார்ட்போன் வந்த பிறகு கதையின் வேகத்தை எழுத்தாளரோடு சேர்ந்து கல்லாப்பெட்டியும் தீர்மானிக்கத் தொடங்கியது. 'எபிசோட்', 'சாய்ஸஸ்' போன்ற செயலிகளில் அத்தியாயம் திறக்கச் சாவியோ டிக்கெட்டோ வேண்டும். தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது காசு. கதையின் நடுவே நல்ல தேர்வுக்குப் பக்கத்தில் ஒரு வைரக்கல் மின்னும். அதற்கும் காசு. நாயகி நாயகனோடு மொட்டை மாடிக்குப் போக வேண்டுமா, பர்ஸைத் திற. தமிழில் தொடர்கதைகள் வெளியிடும் பிரதிலிபி போன்ற செயலிகளிலும் அடுத்த பாகத்துக்குக் காத்திரு அல்லது காயின் கொடு என்ற முறை பலருக்குப் பழக்கம்தான்.

இதில் சிக்கல், கொக்கி போடும் இடம் மாறுவது. வார இதழில் அத்தியாயம் முடியும் இடத்தை எழுத்தாளர் தேர்ந்தெடுத்தார். இங்கே கை பர்ஸுக்குப் போகும் இடமாகப் பார்த்து நிறுத்தத் தோன்றும். கதை முடியவே கூடாது என்பது வியாபாரத்துக்கு நல்லது, கதைக்கு அல்ல.

2016-ல் வந்த கொரிய கேம் 'மிஸ்டிக் மெசஞ்சர்' இதையே வேறு மாதிரி பயன்படுத்தியது. கதை 11 நாள், உண்மையான கடிகாரத்தில் ஓடும். குறிப்பிட்ட நேரத்துக்குச் சாட் திறக்கும், அதிகாலை மூன்று மணிக்குக்கூட. தூங்கிவிட்டால் போச்சு. மறுநாள் ஆபீஸ் இருப்பவருக்குக் கொடுமை. ஆனால் நள்ளிரவில் ஒருவர் மெசேஜ் அனுப்பும்போது ஏற்படும் படபடப்பை வேறெந்த வழியிலும் தந்திருக்க முடியாது.

தமிழில் எழுதினால் எத்தனை தட்டல்?

தமிழில் விஷுவல் நாவல் எழுத நினைப்பவருக்கு மணிக்கணக்கைவிட முதலில் இடிக்கப்போவது வசனப் பெட்டி. போன் திரையில் மூன்று வரி. தமிழ்ச் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்பவை. 'சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்' என்ற ஒற்றைச் சொல்லே பாதிக்கு மேல் ஒரு வரியைத் தின்றுவிடும். ஆங்கிலத்தில் ஒரு தட்டலில் முடியும் வசனம் தமிழில் இரண்டாகலாம். கதை அதே கதைதான். விரலுக்கு மட்டும் அலுப்பு கூடுகிறது. வாசகர் 'மெதுவா போகுது' என்று சொல்வதில் ஒரு பங்கு இந்த அலுப்பு.

இதற்குத் தமிழிலேயே மருந்தும் இருக்கிறது. பேச்சு வழக்கு. 'சொல்லிட்டிருந்திருக்காங்க' என்றால் கொஞ்சம் இடம் மிச்சம், குரலும் கேட்கும். நாவலில் பத்தி பத்தியாக வரும் வர்ணனைக்கும் இங்கே வேலை குறைவு. வால்மீகி நகர் கடற்கரையை ஓவியர் வரைந்துவிட்ட பிறகு, அலை, மணல், காற்று என்று நான்கு தட்டலுக்கு எழுதினால் வாசகர் படிக்காமலே தட்டித் தாண்டிவிடுவார். அப்படித் தாண்டிப் பழகிய விரல் அடுத்து வரும் முக்கியமான வரியையும் தாண்டிவிடும் என்பதுதான் ஆபத்து.

பாக்கெட் நாவல்கள் இந்தக் கட்டுப்பாட்டில் வளர்ந்தவைதான். ராஜேஷ்குமாரின் கிரைம் கதைகளை ரயில் ஏறும்போது வாங்கி இறங்குவதற்குள் முடித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அவை முதல் பக்கத்திலேயே கதைக்குள் இழுத்துப் போட்டுவிடும். அந்த வேகத்தில் எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்த வடிவம் அந்நியமாக இருக்காது.

கருவிக்கும் செலவில்லை. ரென்பை என்ற மென்பொருள் 2004 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. கோடிங் அதிகம் தெரியாதவரும் ஒரு வார இறுதியில் முதல் காட்சியை ஓடவிட்டுப் பார்க்கலாம். அதைச் சுற்றியே 'நானோரெனோ' என்ற வழக்கம் 2005 முதல் நடந்துவருகிறது: மார்ச் மாதத்துக்குள் ஒரு விஷுவல் நாவலை எழுதி, வரைந்து, முடித்து வெளியிட வேண்டும். ஒரே மாதம் என்பதால் அதில் வருபவை பெரும்பாலும் குட்டிக் கதைகள். ஒரு சிலர் நீளமாகத் திட்டமிட்டு ஏப்ரலில் முதல் அத்தியாயத்தோடு நிற்பதும் வழக்கம்தான்.